நீலச் சட்டைக்கு வராத குரல்

'தொண்டை' என்ற பட்டப்பெயர்க்காரரை அந்தக் கால்பந்து மைதானத்தில் தெரியாதவர்கள் கிடையாது. பிழைப்புக்குப் பேருந்து ஓட்டுகிறவர். ஆட்டம் இருந்தால் வேலை முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் வந்து படியில் நிற்பார். அவர் ஒரு சத்தம் கொடுத்தால்தான் கிழக்குப் பக்கமே எழுந்திருக்கும். அந்தத் தொண்டைதான் இந்த சீசன் முழுக்க ஊமையாகக் கிடந்தது.

காரணம் சட்டை. கிளப்பை வாங்கிய புது முதலாளியின் கம்பெனி நிறம் நீலமாம். அதற்காக, தாத்தா காலத்துச் சிவப்பை ஒரே நாளில் கழற்றிப் போட்டுவிட்டார். நம்மை ஒரு வார்த்தை கேட்டாரா? மைதானம் அதேதான், ஆட்டக்காரர்கள் அவர்களேதான், தோல்விகூடப் பழைய தோல்விதான். சட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டைக்கு அலுத்துவிட்டது.

"நான் முடியைக் கத்தரிச்சுக்கிட்டு வந்தது ஒரு வாரம் உங்க கண்ணுல படல. எவனோ சட்டை மாத்தினதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டிருக்கீங்க" என்றாள் மனைவி. நியாயமான பேச்சு.

அந்த ஞாயிறு மைதானத்தில், வழக்கம்போல மனைவியின் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன், வாய் கொஞ்சம் நீளம்.

"மச்சான், இன்னிக்கும் குரல் வரலேன்னா இதோட சரி. இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்" என்றார் தொண்டை. விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்த இடம். அதை விட்டுவிட்டால் தனக்கென்று என்ன மிச்சம்?

அன்று வந்த வெளியூர் அணிக்குச் சிவப்புச் சட்டை. "பாருங்க மாமா, நாம குப்பையில போட்டதைப் பொறுக்கிக்கிட்டு வந்துட்டானுங்க" என்றான் மச்சான்.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. ஒலிபெருக்கியில் ஒருவன் கை தட்டச் சொல்லிக் கழுத்தை அறுத்தான். விடியலிலிருந்து வண்டி ஓட்டிய உடம்பு. தொண்டைக்குக் கண் சொருகியது.

திடீரென்று பக்கத்தில் ஒரு சலசலப்பு. விழித்துப் பார்த்தால், சிவப்புச் சட்டை ஒன்று தனியாகப் பந்தோடு கோலை நோக்கிப் பறக்கிறது!

"போடுடா!"

அடிவயிற்றிலிருந்து வந்தது குரல். கிழக்குப் பக்கம் மொத்தமும் எழுந்து கத்தியது. பந்து வலைக்குள் போனது. தொண்டை மச்சானைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

மைதானத்தின் மற்ற பக்கங்களில் மூச்சுப் பேச்சில்லை.

"மாமா, நாம யாருக்குக் கத்தினோம்?" என்றான் மச்சான் மெதுவாக.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தொண்டைக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த ஒரு கோலில் ஆட்டமும் போனது.

முடிந்ததும் எல்லோரும் கலைந்தார்கள். நீலச் சட்டைத் தடுப்பாட்டக்காரன் ஒருவன் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கம்பிவேலியோரம் நின்றான். சிறுவனாக இருந்தபோதே இந்தக் கிளப்பில் சேர்ந்து வளர்ந்தவன். தொண்டை படியிறங்கிப் போனார்.

"மன்னிச்சுக்கப்பா. சிவப்பைப் பார்த்ததும் வாய் தானா திறந்துடுச்சு."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "அண்ணே, அவனுக்கு அந்தப் பந்தைக் கொடுத்தது யாரு?"

"நீதான்னு மச்சான் சொன்னான். கால் வழுக்கியிருக்கும், விடு."

"வழுக்கலைண்ணே. தலையைத் தூக்கினேன், சிவப்பு நின்னுச்சு. நம்மாளுன்னு கொடுத்துட்டேன்."

தொண்டை கம்பிக்குள் விரலை விட்டு அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"வெளியே சொல்லிடாதீங்க. டீமை விட்டே தூக்கிடுவாங்க."

"சொல்ல மாட்டேன்."

"அடுத்த ஆட்டத்துக்கு வருவீங்கல்லண்ணே?"

"வர்றேன்டா" என்றார். நீலத்துக்குக் குரல் வராது என்று தெரிந்தே அதைச் சொல்லும்போது எவ்வளவு அலுப்பாக இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.