வெண்துணியும் பச்சைச் சிறகும்

சேர்வராயன் மலைமேல் இளவேனில் விடியல் அரும்பிக்கொண்டிருந்தது. மிளகுக்கொடி படர்ந்த மரங்களிடையே படுத்திருந்த பனி மெல்லக் கலைய, குயிலும் குக்குறுவானும் மாறிமாறிக் கூவ, வண்ணத்துப்பூச்சிகள் சிறகு மடித்துக் கதிரவனுக்காகக் காத்திருந்தன. அன்பரே, அதே வேளையில் அம்பத்தூர் மக்கள் மின்விசிறியின் கீழும் வியர்த்துக் கிடந்தனர் என்று நினைத்துக்கொண்டால், அம்மலைக் குளிர் இன்னும் இனிக்கும்.

அந்த அம்பத்தூரிலிருந்து வந்தவள்தான் பார்வதம். மேனாம்பேட்டில் குடியிருந்து, தொழிற்பேட்டையில் திருகாணிகளைப் பிழைபார்ப்பவள். ஆண்டுதோறும் இம்மலையில் பறவைகளையும் பூச்சிகளையும் கணக்கெடுக்கும் குழுவில் ஒருத்தி. வால்நீண்ட பச்சை நிலாப்பூச்சி ஒன்றைக் கண்டதாகச் சென்ற ஆண்டு அவள் சொன்னபோது, குழுத்தலைவர் ஞானசேகரன் சிரித்துவிட்டு ஏட்டில் எழுத மறுத்தார். தம் கண்ணால் காணாத எதையும் எழுதாதவர் அவர். அந்தச் சிரிப்பு ஓராண்டாக அவள் நெஞ்சை உறுத்தியது.

வெண்துணி கட்டி, விளக்கேற்றி, அந்துப்பூச்சிகளை வரவழைப்பதும், பொழுது புலருமுன் விளக்கை அணைத்துத் துணியை உதறி, அவற்றை மறைவிடம் சேரவிடுவதும் அவர்கள் வழக்கம். அன்று கடைசிக் காவல் பார்வதத்துடையது. துணியை உதறக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள். துணியின் ஓரத்தில், உள்ளங்கை அகலத்தில், தளிர்ப் பச்சை நிறத்தில், அந்த நிலாப்பூச்சி அசையாமல் அமர்ந்திருந்தது. மகிழ்ச்சியில் அவளுக்குக் கண் கலங்கியது. விளக்கை எரியவிட்டுத் தலைவரை எழுப்ப விடுதிக்கு ஓடினாள்.

இருவரும் வந்து சேர்ந்தபோது, நன்கு விடிந்திருந்தது. வெண்துணியைச் சூழ்ந்து கொண்டைக்குருவிகள் விருந்துண்டுகொண்டிருந்தன. ஆளைக் கண்டு அவை பறந்தன. துணியடியில் நான்கு பச்சைச் சிறகுகள் மட்டும் கிடந்தன.

“இன்னா பார்வதம், லைட்ட அணைச்சிட்டு வந்திருக்கக் கூடாதா?” என்றார் ஞானசேகரன்.

“அடுத்த ஷிப்டு ஆளு வந்து நிக்காம லைட்ட அணைக்கக் கூடாதுண்ணா, எங்க கம்பெனில. பன்னெண்டு வருசமா அதே பழக்கம். கை போவல.”

அவர் ஏட்டை விரித்து, அவள் பெயரில் நிலாப்பூச்சியை எழுதினார்.

“போன வருசத்துதயும் சேத்து எழுதிக்கினேன்” என்று தணிந்த குரலில் சொன்னார்.

அவள் ஏட்டைப் பார்க்கவில்லை. பகலொளியில் வெளிறி எரிந்த விளக்கை அணைத்தாள். சிறகுகளைப் பொறுக்கி மரத்தடி ஈரமண்ணில் வைத்தாள். தன் சொல்லைப் பிறர் நம்பவேண்டும் என்று ஓராண்டு ஏங்கியவள் அவள். இன்று நம்பினார்கள், அது அவளுக்கு இனிக்கவில்லை.