கருவாட்டின் மேல் விழுந்த பழி

இருசாயியின் மார்பிலிருந்த கட்டி கீமோ ஊசிக்கு மிளகளவு சுருங்கியது. பிறகு என்ன நினைத்ததோ, நெல்லிக்காய் அளவுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் இதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டியதில்லை. மருந்து பலிக்கவில்லையா, பத்தியம் முறிந்தது. பச்சிலைக்கு உள்ள சட்டம் ஊசிக்கும் உண்டு.

இருசாயி முறித்துத்தான் இருந்தாள். ஊசி போட்ட வாரம், வாயெல்லாம் தகரத்தை நக்கிய மாதிரி கிடந்தபோது, கருவாட்டுக் குழம்பை விரலால் வழித்து நக்கிவிட்டாள். பார்த்தது நாத்தனார் பாவாயி. பாவாயி பார்த்துவிட்டால் மலைக்கு மைக்செட் தேவையில்லை.

"இவ வாயக் கட்டாட்டி ஊசி என்ன பண்ணும்?"

அதுவே நெஞ்சில் தைத்துவிட்டது. தன் நாக்கு கெடுத்ததற்கு இன்னொரு மருந்து எதற்கு? வேண்டாமென்று சொல்லிவிட்டு வரத்தான் புருஷன் முத்தனோடு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

"வேற மருந்துக்கு மாத்தலாம்மா. சம்மதமா?" என்றார் டாக்டர் பிரிசில்லா.

"வேண்டாங்க. கருவாடு தின்னு நாந்தான் கெடுத்துப்போட்டனுங்க."

"கருவாடா?"

"நெத்திலிங்க," என்றான் முத்தன், உதவியாக.

டாக்டர் சிரிப்பை விழுங்கினார். "கருவாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. புற்றுசெல் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. சிலதுல பம்பு மாதிரி ஒண்ணு இருக்கும். உள்ள போற மருந்த வெளிய தள்ளிடும். சிலது பெருகாம தூங்கும். பெருகுறதத்தான் அந்த மருந்து அதிகமா கொல்லும். மத்தது செத்துச்சு. தப்பிச்சது மறுபடி பெருகிடுச்சு."

இருசாயிக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

"ஏனுங்க, நான் கொடலு வெளிய வர வாந்தியெடுத்து, மொட்டையாயி வாங்குன மருந்த, அந்த நாயிக துப்பிப்போட்டு உக்காந்திருக்குதுங்களா?"

"கிட்டத்தட்ட."

"எம்மாருக்குள்ள! எஞ்சோத்தத் தின்னுட்டு!" தன் மார்பைக் குனிந்து பார்த்து, எழுத்தில் வைக்க முடியாத நாலு வார்த்தை வைதாள். வராந்தாவில் தலைகள் திரும்பின.

"ஏய், ஆசுபத்திரி," என்றான் முத்தன்.

"சும்மா இருங்க. உங்களத் திட்டறதே ஊருக்குக் கேக்கும், இதுகளுக்கென்ன மரியாதை?" டாக்டரிடம் திரும்பினாள். "புது மருந்தக் கொண்டு இதுகளக் கொல்ல முடியுங்களா?"

"அது வேற வழியில தாக்கும். கேக்கும்னு நம்புறோம். சத்தியம் பண்ண முடியாதும்மா."

இத்தனை நாள் குற்றம் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது நல்ல சூடான கோபம். ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு நீட்டினாள். "போடுங்க."

"இன்னிக்கு இல்லம்மா. ரத்தம்தான் எடுத்துப் பாக்கணும்."

"அப்ப அதையாச்சும் எடுங்க சாமி," என்றாள். நீட்டிய கையை மடக்கவில்லை.