ஈரம் அண்டாதவள்

வார்ப்புக்கூடத்தின் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போன பிறகு இரண்டு மழைக்காலங்கள் வந்து போயின. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. மழை கூடத்துக்கு மேலே ஆளுயரத்தில் நின்று, கண்ணாடியில் வழிவதுபோல வழிந்து, நாலு சுவருக்கும் வெளியே கொட்டியது. உலையடியில் நிற்கும் பெண்தான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். மேலாளருக்கும் தெரியும். அதனால்தான் தகரம் வாங்கும் பேச்சை அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

அங்கே மக்னீசியத்தை உருக்கி, கார்களின் ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளிருக்கும் சட்டத்தை வார்த்தார்கள். கையில் எடுத்தால் எடுத்தோமா என்று சந்தேகம் வரும், அவ்வளவு லேசு. ஆனால் உருகி நிற்கும்போது அதற்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. கட்டிகளைச் சூடேற்றி ஈரம் போக்கிய பிறகே உலைப்பானையில் இறக்குவார்கள். காற்றுப் பட்டாலும் பற்றிக்கொள்ளும் என்பதால் மேலே ஒரு வாயுவைப் போர்வைபோல விட்டிருப்பார்கள். தீயை அணைக்க மூலையில் உலர்ந்த மணல் உண்டு. தண்ணீர் வாளி மருந்துக்கும் கிடையாது. உலையடியில் நிற்கும் அந்தப் பெண்ணின் அண்ணன் முன்பு அங்கே உலைக்காரனாக இருந்தான். அவசரம் தலைக்கேறியிருந்த ஒரு நாள், சரியாகக் காயாத கட்டி ஒன்று பானைக்குள் போய்விட்டது. வெடித்தெழுந்த வெள்ளை வெளிச்சம் சந்தை வரைக்கும் தெரிந்தது. அண்ணன் வீட்டுக்கு மூடிய பெட்டியாகத்தான் வந்தான்.

அன்றிலிருந்து தண்ணீர் அவளை அண்டவில்லை. குடித்தால் இறங்கியது, அது ஒன்றுதான். முகம் கழுவப்போனால் விரலிடுக்கில் நழுவி ஓடியது. வியர்வை நின்றுபோனது. பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். அண்ணி நாத்தனாரிடம் பேச்சையே நிறுத்திக்கொண்டாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. சாப்பாட்டை எடுத்து மூடிவைப்பாள். வாய் மட்டும் திறக்கமாட்டாள். அண்ணன் பார்த்த வேலையை இவள் கேட்டு வாங்கிக்கொண்டபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வருடங்கள் அப்படியே ஓடின. தொழிற்சாலையில் இவளுக்கு உலைக்காரி என்ற பெயர் நிலைத்தது.

கூரை போன பிறகு உலைக்காரிக்கு மழையன்று லீவு கிடையாது. வானம் கறுத்தால் தொழிற்சாலை வண்டி வாசலில் வந்து நிற்கும். மூன்றாவது மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், அவள் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். பேசாதவள்தான், ஆனால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அண்ணியால் முடியவில்லை. துணியை நனைத்து நெற்றியில் போட்டாள். போட்ட கையோடு அது மொடமொடவென்று காய்ந்தது. மறுபடி நனைத்தாள், மறுபடி காய்ந்தது. பாத்திரம் காலியாகும்வரை நனைத்தாள். தண்ணீர் இவளை அண்டாது என்று ஊரில் பேசிக்கொண்டதை அதுவரை அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை. காய்ந்த துணியைக் கீழே வைத்தாள்.

“அன்னைக்கு உனக்கு அழுகையே வரலையா?” என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் பேச்சு.

“வந்துச்சு அண்ணி. கண்ணு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு.”

அண்ணி அவள் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “சரி விடு. உனக்கும் சேர்த்து நான் அழுதுக்குறேன்” என்றாள். சொன்னபடியே அழுதாள். விழுந்த கண்ணீர் உலைக்காரியின் கன்னத்தைத் தொடாமல் இரு பக்கமும் உருண்டு தலையணையில் இறங்கியது.

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. அண்ணி போய் வாசலை மறித்து நின்றாள். உலையை அணையுங்கள், கூரையைப் போட்டுவிட்டு வந்து கூப்பிடுங்கள், இந்த வீட்டிலிருந்து ஒரு ஆளைக் கொடுத்தது போதும் என்று டிரைவரிடம் சொல்லியனுப்பினாள். கூடத்தில், பானையில் இருந்ததை மழைக்கு முன்னால் அரக்கப்பரக்க அச்சுகளில் ஊற்றிக் காலி செய்தார்கள். மேலாளர் இன்னொரு தடவை ஆளனுப்பிப் பார்த்தார், அண்ணி அசையவில்லை. அன்று மழை எல்லா இடத்திலும் பெய்வதுபோலக் கூடத்துக்குள்ளும் பெய்தது. அந்த மாதமே புதுத் தகரம் ஏறியது.

காய்ச்சல் விட்டதும் உலைக்காரி வேலைக்குத் திரும்பினாள். வார்ப்புகளில் பிசிறு நீக்கும் பிரிவில் அண்ணியும் சேர்ந்துகொண்டாள். தண்ணீர் இன்றுவரை உலைக்காரியை அண்டவில்லை. ஆனால் உலையை விட்டு வெளியே வந்துவிட்டால் மழை விலகித் தரும் இடம் ஒரு ஆள் அகலம்தான். இரண்டு பேர் போகவேண்டுமானால் தோளோடு தோள் ஒட்டித்தான் நடக்கவேண்டும். மழை நாட்களில் அவர்கள் அப்படித்தான் எதையாவது பேசிக்கொண்டே வீடு திரும்புகிறார்கள். பார்த்துப் பழகிய கடைக்காரர்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அண்ணியின் இடது கை மட்டும் கொஞ்சம் நனையும்.