டாக்டர் பெலெக் கேட்ட தண்ணீர்

...முப்பத்தெட்டா, முப்பத்தொன்பதா, பக்கத்தில் நின்ற அண்டைவீட்டு டார்கஸ் இருமித் தொலைத்ததில் எண்ணிக்கை தப்பிவிட்டது, செத்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை தடவை கோயில் மணி அடிக்கும், டாக்டர் பெலெக் ஸ்டோவருக்கு அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டுதான் என்று டாக்டர் வீட்டம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள், இன்றைக்கு மணி காட்டிக்கொடுத்துவிடும், சில்பாவுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷமாவது வந்திருக்க வேண்டும், வரவில்லை... பெட்டியைத் தோளில் சுமந்து வந்த ஆறு பேரும் குழிமேட்டில் நின்று மூச்சுவாங்கினார்கள், ஆறில் ஐந்து பேருக்கு முன்பல் கிடையாது, எல்லாம் அவர் கொடுத்த பாதரசத் தூளின் கைங்கரியம், ஜுரமா தூள், வயிற்றுவலியா தூள், அதற்கும் அடங்காவிட்டால் முழங்கையில் கீறி ஒரு கிண்ணம் ரத்தம்... ஆனாலும் முப்பது வருஷமாக இந்த வெர்மாண்ட் மலையில் கூப்பிட்ட வீட்டுக்கு வரமாட்டேன் என்று அந்த மனுஷன் சொன்னதில்லை, இடுப்பளவு பனியில் குதிரையை விட்டுவிட்டு நடந்தே வருவார், வந்ததும் முதலில் அடுப்பில் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்ப்பார், இங்கே நிற்கிறவர்களில் பாதிப்பேரைத் தாய் வயிற்றிலிருந்து வெளியே இழுத்துப் போட்டது அவர் கைதான், மண்ணுக்கடியில் படுத்திருக்கிறவர்களில் எத்தனை பேரை... சே, குழிக்கு முன்னால் நின்றுகொண்டு என்ன நினைப்பு இது, வீட்டில் புருஷன் ஜோதம் கிடக்கிறான், ஒன்பதாவது நாள், டாக்டரைக் கொண்டுபோன அதே ஜுரம், இருபது மைலுக்கு வேறு டாக்டர் இல்லை, அவர் விட்டுப்போனது ஒரு பொட்டலம் தூளும் ஒரு சட்டமும்தான், ஜுரக்காரனுக்குப் பச்சைத்தண்ணீர் ஆகாது.

"நல்லவேளை நீ இருந்தே சில்பா," என்று டார்கஸ் காதோடு சொன்னாள், "நானா இருந்தா அந்த மனுஷன் கெஞ்சின கெஞ்சலுக்கு ஒரு குவளை குடுத்துத் தொலைச்சிருப்பேன். நீதான் கல்லு மாதிரி உக்காந்திருந்தே." "நீங்க வேற அக்கா," என்று சில்பா தரையைப் பார்த்துக்கொண்டாள்... கல்லு மாதிரி, ஊரே அப்படித்தான் சொல்கிறது, பாதிரியார்கூட வாசலில் நிறுத்தி மெச்சினார், யார் வீட்டில் படுத்தாலும் அக்கம்பக்கத்துப் பெண்கள் முறைவைத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும், செவ்வாய்க்கிழமை மதியம் சில்பாவின் முறை, வீட்டில் ஜோதமை நாத்தனாரிடம் விட்டுவிட்டுத்தான் போனாள், போகாவிட்டால் பேசமாட்டார்களா, இவளே எத்தனை பேரைப் பேசியிருக்கிறாள்... நாக்கு கறுத்துத் தடித்துக் கிடந்தது அவருக்கு, "சில்பா, ஒரு வாய் தண்ணி," என்றார், "நீங்கதானே டாக்டர் கூடாதுன்னு சொல்வீங்க," என்றாள், "அது ஊருக்குச் சொன்னது," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே, "குடுடி." ஊருக்குச் சொன்னதா, அப்படியென்றால் என்ன அர்த்தம், ஜுரம் பேசியதா, அவர் பேசினாரா, 'நோயாளி கெஞ்சுவான், நானே படுத்துக் கெஞ்சினாலும் கொடுக்காதே' என்று சொன்னதும் அதே வாய்தானே, அதை எல்லோருமே கேட்டிருக்கிறார்கள், யாரும் இவளைக் குற்றம் சொல்ல முடியாது, முடியாது...

ஆனால் அந்த ஜாடி, அதை யாரும் பார்க்கவில்லை, ஜன்னல் கட்டையில் ஜாடி இருந்தது, வெயில் பட்டுத் தண்ணீர் மினுங்கியது, சில்பா எழுந்தாள், குவளையில் ஊற்றினாள், அவர் கண்ணைத் திறந்து சத்தம் வந்த பக்கமே பார்த்தார், அவள் குடித்தாள், மெதுவாக, கடைசிச் சொட்டுவரை, அவர் பார்க்கப் பார்க்க... எனக்கும்தானே தாகம் எடுக்கும், மதியமெல்லாம் உட்கார்ந்திருக்கிறேனே, விக்கல்கூட வந்தது, வந்ததா?... பதினோரு வருஷத்துக்கு முன்னால் மகள் டாமரிஸ், ஆறு வயது, ஜுரத்தில் தொண்டை வறண்டு ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியை நக்கினாள், டாக்டர் பார்த்துவிட்டார், கட்டிலைச் சுவரோரம் இழுத்துப்போடச் சொன்னார், இழுத்தது யார், சில்பாதான், கட்டில் காலில் ஒன்றை இவளும் ஒன்றை ஜோதமுமாக, குழந்தை அதற்கப்புறம் கேட்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டே போய்விட்டாள்... "உயிர் போற நேரத்துல அவர் உன் கையைப் பிடிச்சாராமே?" என்று டார்கஸ் மறுபடி, விடமாட்டாள் போல, பிடித்தார், கையை அல்ல, குவளையை, அதை எப்படிச் சொல்வது.

பெட்டியை இறக்கினார்கள், கயிறு உரசிற்று, ஜோதம் இப்போது தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பான், ஹெப்சி மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள், நாத்தனார் ஹெப்சியைவிடச் சட்டம் தெரிந்தவள் உண்டா... மண் தள்ளுவதற்கு முன்னால் யாரும் நகரக்கூடாது, நகர்ந்தால் அது ஒரு மாதப் பேச்சு, சில்பா நகர்ந்தாள், "எங்கடி போறே," என்று டார்கஸின் குரல் முதுகில் பட்டது, வேலியைத் தாண்டி, சோளத்தட்டைக் கொல்லை வழியாக, ஓட்டம் என்றும் சொல்ல முடியாது நடை என்றும் சொல்ல முடியாது, கிணற்றில் வாளியை விட்டதும் தெரியும், இழுத்ததும் தெரியும், வாசற்படியில் பாதியைச் சிந்தினாள்.

"காலையிலேருந்து பத்து தரம் கேட்டுட்டார் அண்ணி, நான் அசையவேயில்ல," என்று ஹெப்சி பெருமையாக எழுந்தாள், வாளியைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "என்ன செய்றீங்க? மண்ணு தள்ளி முடியல, அதுக்குள்ள அவர் பேச்சை மீறறீங்களா? எங்கண்ணனைக் கொல்லவா வந்தீங்க?" "தள்ளு," என்றாள் சில்பா, ஜோதமின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள், அவன் குடித்தான், கன்றுக்குட்டி மாதிரி சத்தம் போட்டுக் குடித்தான், தாடியெல்லாம் வழிய, மூன்று குவளை, பிறகு கண் சொருகிக்கொண்டது, தூக்கமா, அதுவா... ஹெப்சி மூலையில் உட்கார்ந்து சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினாள், வேர்த்தால் பிழைப்பான், அது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, பிழைத்தால் தண்ணீர் நல்லது, தண்ணீர் நல்லது என்றால் அந்தக் கட்டில், அந்த ஜாடி... பிழைக்காவிட்டால் டாக்டர் சொன்னது சரி, சில்பா செய்ததும் சரி, பதினோரு வருஷமும் சரி. அவள் கையை அவன் கழுத்தடியில் செருகினாள், ஈரமாக இருந்தது, சிந்தின தண்ணீராகக்கூட இருக்கலாம், இன்னும் கீழே, முதுகுப் பக்கம், துணிக்குள் தடவிக்கொண்டே போயிற்று கை, எங்கேயாவது வேர்க்காமல் காய்ந்திருக்கிறதா என்று, காய்ந்த இடத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது, உறைத்தும் கையை எடுக்கவில்லை...