மேற்குச் சுவரில் ஒரு சிமெண்ட் திட்டு

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. சாப்பிட்ட கை காயும் முன்னே சித்தி கூப்பிட்டாள்.

"காப்பகத்துச் சுவர்ல அந்தத் திட்டைத் தட்டி எடுக்கணுமாம்டி. எடுக்கலாமா வேண்டாமான்னு என்னைக் கேக்கறாங்க. நான் என்ன சொல்றது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது கதை எழுத உட்கார்ந்துவிடுவது என் வழக்கம்.

2

முதல் தொடக்கம்: 'மேற்கு வானம் கறுத்திருந்த அந்த மாலையில் அவள்—'

வேண்டாம். என் நாவல்களில் வானம் கறுத்தால் யாரோ பிரியப்போகிறார்கள் என்று வாசகிகளுக்கு இப்போதெல்லாம் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது: 'மண்ணுக்கும் மனசுக்கும்—'

சித்தி சிரிப்பாள். அடித்துவிட்டேன்.

நேராகவே சொல்கிறேன். சித்தி கட்டடம் வரைபவள். சித்தப்பா அதைக் கட்டுபவர். வேலைக்குப் போகும் அம்மாக்கள் சேர்ந்து தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் கட்டக் கேட்டபோது, சித்தி மண்கல் என்றாள். அஸ்திவாரம் தோண்டிய அதே மண்ணில் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, நிழலில் உலர்த்திய கல். சூளையும் இல்லை, புகையும் இல்லை.

"குழந்தைங்க தூங்கறதுக்கு ஒரு கூரை போட, அதுங்க மூச்சு விடற காத்தைக் கரியாக்கணுமா?"

"இன்ஜினியரம்மா சொன்னா சரிதான்" என்றார் சித்தப்பா. "மழைக்குக் கரைஞ்சா மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க."

(இந்த இடத்தில் சித்தப்பாவை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. சித்தியின் தேநீரை முதலில் தான் ஒரு வாய் குடித்து, சூடு பார்த்துவிட்டுக் கொடுக்கிறவர் அவர்.)

3

சுவர்கள் எழுந்தன. மேலே மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து சித்தியின் அம்மா ஆஸ்பத்திரியில் படுக்க, அவள் ஊருக்குப் போனாள். மழை பிடித்துக்கொண்டது.

சித்தப்பா நனைந்துகொண்டே மேற்குச் சுவரைப் பார்த்தார். சாரல் அதில்தான் அறைந்தது. மழை சற்று விட்டதும் ஆளைக் கூப்பிடாமல் தானே சிமெண்ட் குழைத்து, சுவர் முழுக்கக் கெட்டியாகப் பூசிவிட்டார். அவருக்குத் தெரிந்த அன்பு அதுதான். எதையும் இறுக்கி மூடுவது.

சித்தி திரும்பி வந்தபோது பூச்சு உப்பிக்கொண்டிருந்தது. உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. கல் உள்ளுக்குள் நமுத்துப்போயிருந்தது.

"யாரைக் கேட்டுப் பூசினீங்க?"

"உன் சுவர் போயிடுமேன்னு…"

"மண்சுவர் மூச்சு விடணும்னு நூறு தடவை சொன்னேனே! போர்வையைப் போட்டு மூக்கையும் சேத்து மூடிட்டீங்களே!"

"தெரியாமப் பண்ணிட்டேன். விடேன்."

"நான் விட்டாலும் சுவர் விடாது."

அவர் உளியை எடுத்தார். பூச்சு பெயரப் பெயர, சுவர் நிறம் மாறி உலர்ந்தது. ஜன்னலுக்குக் கீழே கடைசியாக ஒரு முழ அகலத் திட்டு பாக்கி இருந்தபோது, சித்தி அவர் கையைப் பிடித்தாள்.

"அது இருக்கட்டும். தினமும் பாத்து வெட்கப்படுங்க."

தண்டனையாகத்தான் விட்டாள். அதன்பிறகு காப்பகத்துக்குப் போகும்போதெல்லாம் சித்தப்பா அந்தத் திட்டுக்கு ஒரு வணக்கம் வைப்பார். அவர் கும்பிடுவதைப் பார்த்துக் குழந்தைகளும் கும்பிடும். சித்திக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வரும்.

4

இதுவரை எழுதியதைச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன்.

"என்னை ரொம்ப ராங்கிக்காரியாக்கிட்ட."

"நீ ராங்கிக்காரிதானே சித்தி?"

"அது எனக்கும் அவருக்கும். ஊருக்கு எதுக்கு?" பிறகு சொன்னாள்: "அந்தத் திட்டுல பூசற கரணை திரும்பின வளைவு இன்னும் இருக்கு, பாத்திருக்கியா? அவர் இழுக்கறப்ப எப்பவும் கடைசியில மணிக்கட்டை ஒரு சொடுக்கு சொடுக்குவார்."

சித்தப்பா இறந்துபோய் ஒரு வருஷம் ஆகிறது. நான் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். (பார்த்ததில்லை. அன்று மாலையே போய்ப் பார்த்தேன். அந்தச் சொடுக்கு இருந்தது. அதன் விளிம்பில் மண் ஈரமாகிப் பொடிந்து உதிர்ந்துகொண்டும் இருந்தது.)

5

முடிவு ஒன்று: சித்தி திட்டைத் தட்டி எடுக்கிறாள். சுவர் பிழைக்கிறது. அவள் வீட்டுக்கு வந்து, தேநீர் போட்டு, சூடு பார்க்க ஆளில்லாமல்—

வேண்டாம்.

முடிவு இரண்டு: திட்டு இருக்கட்டும் என்கிறாள். கல் உள்ளே நமுத்துக்கொண்டே போகிறது. அந்த ஜன்னலுக்குக் கீழேதான் சின்னக் குழந்தைகளின் பாய் விரிக்கிறார்கள்.

இதுவும் வேண்டாம்.

முடிவு மூன்று: திட்டை உடையாமல் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். இதைச் சொன்னதும் சித்தி, "சிமெண்ட்டை உளியால தட்டினா தூளாத்தான் வரும். நாவல்லதான் முழுசா வரும்" என்றாள்.

அப்புறம் கேட்டாள்: "உன் கதையில நான் தட்டிட்டேனா?"

"இன்னும் இல்ல சித்தி."

"கொஞ்சம் பொறு."

பொறுத்திருக்கிறேன். என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை, இதை வாசிக்கும் நீங்கள் வாருங்கள். காப்பகத்தில் இப்போது மதியம். ஜன்னல் விளிம்பில் உளியும் சுத்தியலும் வைத்திருக்கிறேன். சித்தி உள்ளங்கையை அந்த வளைவின் மேல் வைத்தபடி நிற்கிறாள். அவள் சரியென்று தலையசைத்தால் உங்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும். பிள்ளைகள் தூங்குகிறார்கள். தட்டுவதானால் மெல்லத் தட்டுங்கள்.