மாக்கிறட் வீட்டு அத்திவார மண்

மாக்கிறட் வீட்டு அத்திவாரத்துக்காகத் தோண்டிப் போட்ட மண், கடல் ஏறும்போது ஏறியது, கடல் இறங்கும்போது இறங்கியது. தலவிலத் தேவாலயத் திருவிழா முடிந்த கிழமை அது. மீன்பாடு குறைந்திருந்ததால் எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் வேடிக்கை பார்க்க நேரம் இருந்தது. படுத்திருக்கும் மாட்டின் வயிறுபோல அந்தக் குவியல் மெல்ல உப்பி, மெல்ல வற்றியது. பக்கத்து வீட்டு அனஸ்தாசியா அதன்மேல் மிளகாய் காயப்போட்டுப் பார்த்தாள்; பின்னேரம் மிளகாய் வேலியோரம் கரையொதுங்கிக் கிடந்தது.

பிழை மாக்கிறட்டின் புருஷன் நிக்கொலசுடையது. மணல் நிலத்தில் அத்திவாரக் கிடங்கு வெட்டினால், மண் இறுகத் தண்ணீர் விட்டு அடிப்பது வழக்கம். கிணறு வற்றியிருந்தபடியால், எதையும் பாதிக்கு மேல் காதில் வாங்காத அந்த மனிதர், வள்ளத்துப் பம்பைக் கொண்டுவந்து கடலையே கிடங்குக்குள்ளும் குவியல்மேலும் இறைத்துவிட்டார். மண் தன்னைக் கடலடி என்று நினைத்துக்கொண்டது. அதைக் குறை சொல்ல முடியாது. இதைவிடக் குறைந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு தங்களைப் பெரிய மனிதராக நினைப்பவர்கள் ஊரில் உண்டு.

மாக்கிறட் வீடு கேட்டதே அவரால்தான். கலியாணம் முடித்த நாள் முதல் நிக்கொலஸ் தரையில் தூங்கியதில்லை. பாயில் படுத்தால் தலை சுற்றும், கட்டிலில் படுத்தால் வாந்தி வரும். இருட்டினால் தலையணையோடு வள்ளத்துக்குப் போய்விடுவார். சிலாபத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று அனஸ்தாசியா வருடக்கணக்காகச் சொல்லிவந்தாள். ஓலைக் கொட்டில் என்றபடியால்தான் இப்படி, கல்வீடு கட்டினால் மனிசன் வீட்டில் படுக்கும் என்பது மாக்கிறட்டின் நம்பிக்கை. மகள் டெனிஷா கலியாணமாகிப் போன பிறகு மாக்கிறட்டின் பாய் இன்னும் அகலமாகிவிட்டிருந்தது.

மண் பார்க்கக் கல்பிட்டியிலிருந்து மேசன் றஸீன் பாஸ் வந்தார். ஒரு பிடி அள்ளி உருட்டினார். உருண்டை உள்ளங்கையில் நுரைத்தது. இரும்புக் கம்பியை அடித்து இறக்கினார். முழுதாகப் போன கம்பி, அவர் தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் மேலே மிதந்து வந்தது. கடைசியாகச் சோடாப் போத்தலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி மதிலில் வைத்தார். ஒழுங்கான மண் என்றால் மணல் அடியில், சேறு மேலே என்று படைபடையாக அடங்கும். இது அடங்கவில்லை. போத்தலுக்குள் சின்னச் சின்ன அலைகள் கண்ணாடியில் அடித்துத் திரும்பிக்கொண்டிருந்தன.

“அக்கா, இது ஊடு தாங்குற மண்ணில்ல. முழுக்க அள்ளி எறிஞ்சிட்டு, இறுகி நிக்கிற கிறவல் மண் போடணும்.”

“போடுங்க பாஸ். எனக்கு அசையாத வீடு வேணும்.”

பாலாவிப் பக்கமிருந்து கிறவல் லொறி வந்த மத்தியானம், நிக்கொலஸ் கரையிலிருந்து வந்துகொண்டிருந்தார். லொறிக்கு வழிவிடக் குவியல்மேல் ஏறினார். ஏறியவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சரிந்தார். பிறகு குறட்டைதான் கேட்டது. மண் அவரைத் தூக்கித் தூக்கி இறக்கியது. லொறிக்காரர் கோன் அடித்தும் எழும்பவில்லை. மாக்கிறட் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தாள். புருஷன் தூங்கும் முகத்தை அவள் அன்றுதான் பார்த்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

“பாஸ், லொறியைத் திருப்பச் சொல்லுங்க.”

“என்னக்கா பைத்தியமா? இந்த மண்ணுல எப்பிடி அத்திவாரம் போடுற?”

“வள்ளத்துக்கு ஆரு அத்திவாரம் போட்டது? நங்கூரம் போடுங்க.”

“யா அல்லாஹ்! இத நான் மத்த பாஸ்மாருக்கு எப்பிடிச் சொல்ற?” என்றபடியே றஸீன் அளவுநாடாவை எடுத்தார்.

தோண்டிய மண் ஒரு பிடி குறையாமல் கிடங்குக்கே திரும்பியது. மூலைக்கு ஒரு நங்கூரமாக இறக்கி, கயிறுகளை வெளியே விட்டு, மேலே சுவர் எழும்பியது. அதற்குப் பிறகு சில மாரிகள் போய்விட்டன. சுவரில் ஒரு வெடிப்பும் இல்லை. அனஸ்தாசியா தேடிப் பார்த்துவிட்டாள். கடல் ஏறினால் வாசலில் ஒரு படி கூடுதலாக ஏறவேண்டும், காலையில் பாண் விற்க வருபவருக்கு அது பழகிவிட்டது. திருவிழாவுக்கு வந்த டெனிஷாவின் மாமியார்தான் வாந்தி எடுத்து, முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தார். சிலாபத்துக்காரியைப் பற்றி அனஸ்தாசியா இப்போது கதைப்பதில்லை. நிக்கொலஸின் குறட்டையால் தனக்குத் தூக்கமில்லை என்பதுதான் அவளுடைய புதுக் கதை. காற்று எழும்பும் நாட்களில் மாக்கிறட் படுக்கப்போகுமுன், அடுப்பு அணைந்ததா என்று பார்த்துவிட்டு, வெளியே வந்து நங்கூரக் கயிறுகளையும் ஒருதரம் இழுத்துப் பார்க்கிறாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள்.