டீச்சர் பக்கத்துக் கிளட்ச்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவழியில் கார் நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று வாசகர்களுக்குப் பயன்படும்படி ஒரு பக்கம் கேட்டார் ஒரு பத்திரிகை ஆசிரியர். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, சரி என்று தலையாட்டிவிட்டேன். முதல் வரி வந்தது:

(பதற்றப்பட வேண்டாம்.)

இரண்டாவது வரி வரவில்லை. நான் பதற்றப்பட்டேன். விஷயம் தெரிந்த ஒருவரைக் காரில் உட்கார வைத்துவிட்டால் மீதியை அவரே பார்த்துக்கொள்வார் என்று தோன்றியது. ஆகவே, கார் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு டீச்சர்.

2

ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் டீச்சர். கற்றுத்தரும் கார் என்பதால் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. மாணவர்களிடம் அவர் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: "கிளட்ச்ல கால் வச்சுட்டுத் தூங்காதீங்க." கால் லேசாகப் பட்டுக்கொண்டே இருந்தாலும் உள்ளே தகடு தேய்ந்து, சூடேறி, ஒருநாள் கருகிவிடும்.*

(டீச்சரின் கணவர் ஒரு குமாஸ்தா. — வேண்டாம். கதைகளில் வரும் கணவர்கள் எல்லாரும் குமாஸ்தா என்றால் மற்ற வேலைகளை யார் பார்ப்பது?)

டீச்சரின் கணவர் தையல்காரர். லைசென்ஸ் தேர்வுக்கு நான்கு முறை போய் நான்கு முறையும் வெறுங்கையோடு திரும்பியவர். அடுத்த வாரம் டீச்சருக்குக் கண்ணில் ஆபரேஷன். அப்புறம் பல மாதம் அவர் வண்டியைத் தொடக் கூடாது. தையல்காரர் ஓட்டினால்தான் உண்டு. இன்று ஐந்தாவது தேர்வு. இதிலும் கோட்டைவிட்டால் இனி ஸ்டியரிங் பக்கமே போவதில்லை என்று அவர் காலையில் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் டீச்சர் சமாளித்திருப்பார். அமைதியாகச் சொன்னதால் பயந்துவிட்டார்.

காரில் ஏறிவிட்டால் கணவன் மனைவி கிடையாது. அவர் இவருக்கு டீச்சர், இவர் அவருக்கு சார். இது டீச்சர் போட்ட சட்டம்.

* இயந்திர விஷயமெல்லாம் இன்னொருவரிடம் கேட்டு எழுதியது. தப்பு இருந்தால் அது மட்டும் என்னுடையது.

3

(வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. — வண்டி எங்கே மூச்சு விட்டது?)

(விதி அவர்களை நடுரோட்டில் — வேண்டாம்.)

வண்டி நின்றது. தேர்வு மைதானத்துக்குத் தையல்காரர் ஓட்டிக்கொண்டு போகும் வழியில், ஒரு மேட்டில். இன்ஜின் உறுமிக்கொண்டிருக்க, சக்கரங்கள் எனக்கென்ன என்று இருந்தன. கருகிய வாசனை வந்தது. அது என்ன வாசனை என்று டீச்சருக்கு உடனே தெரிந்தது, எனக்குத் தெரிவதற்கும் முன்பே. ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை.

"வண்டி நின்னா மொதல்ல என்ன செய்யணும், சார்?" என்று கேட்டார்.

தையல்காரர் செய்து காட்டினார். வண்டியை ஓரமாக உருளவிட்டு நிறுத்தினார். நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டார். பின்னால் வருபவர்களை எச்சரிக்கும் சிவப்பு முக்கோணத்தை எடுத்துக்கொண்டு போய், துணி அளக்கிற கவனத்தோடு தூரம் பார்த்து வைத்துவிட்டு வந்தார். ஒரு குறை சொல்ல முடியவில்லை. டீச்சருக்கு அது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

4

இந்த இடத்தில் உதவிக்கு ஒருவர் வர வேண்டும். ஒரு பல் டாக்டரை அனுப்பினேன். சிக்கல் என்னவென்றால் அவர் டீச்சரிடம் படித்தவர். முக்கோணத்தைக் கண்டதும் முறைப்படி நின்று, விளக்குகளைப் போட்டு, தன் வண்டிக்குப் பின்னால் தன்னுடைய முக்கோணத்தை வைத்தார். அடுத்து வந்த பேக்கரிக்காரரும் டீச்சரிடம் படித்தவர்தான். அவரும் வைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் வைத்தார்கள். யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. யாரும் முந்தவில்லை, மேட்டில் முந்தக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். எல்லாரும் நல்ல பிள்ளைகளாக ஓரத்தில் இறங்கி நின்றார்கள். வரிசையின் வாலில் மாட்டிக்கொண்டவர் லைசென்ஸ் தேர்வு நடத்தும் இன்ஸ்பெக்டர். அவரும் ஒரு முக்கோணம் வைத்தார். அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

(நம்பும்படி இல்லை என்று ஆசிரியர் குறை சொல்வார். நானே நம்பவில்லை. ஆனால் இத்தனை பேரையும் இறக்கிவிட்ட பிறகு எப்படித் திருப்பி அனுப்புவது?)

5

தேர்வுக்கு வந்தவர், அதை நடத்துகிறவர், வண்டி எல்லாமே இங்கே இருப்பதால் தேர்வையும் இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் இன்ஸ்பெக்டர். அப்போதுதான் பேக்கரிக்காரர் மூக்கை உறிஞ்சினார். கருகுவதை மோப்பம் பிடிப்பது அவர் தொழில். கிளட்ச் என்றார்.

உடனே சாலையோரம் முழுவதும் வகுப்பறை மாதிரி ஒரே குரலில் பாடம் ஒப்பித்தது: "கிளட்ச்ல கால் வச்சுட்டுத் தூங்கக் கூடாது, சார்."

எல்லாரும் தையல்காரரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் தையல் மிஷின் பெடலில் இருந்த கால்கள். எவ்வளவு அழுத்துவது, எப்போது எடுப்பது என்பதெல்லாம் அவற்றுக்கு அத்துப்படி. (இதை நானே இப்போதுதான் கவனிக்கிறேன். குமாஸ்தாவாகவே விட்டிருந்தால், பிறகு கிளட்ச் எப்படிக் கருகியது என்ற கேள்வியிலிருந்து தப்பித்திருக்கலாம்.)

அவர் சாவியை டீச்சரிடம் நீட்டினார்.

"போதும் டீச்சர். எனக்கு இது வராது."

6

இங்கே முடித்துவிடலாமா என்று பார்த்தேன்.

முடிவு ஒன்று: இழுவை வண்டி வந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புகிறது. பத்திரிகைக்கு இதுதான் பிடிக்கும்.

முடிவு இரண்டு: இன்ஸ்பெக்டர் இரக்கப்பட்டு லைசென்ஸ் கொடுத்துவிடுகிறார். டீச்சர் அதைக் கிழித்துப் போடுவார். எனக்கு அவரைத் தெரியும்.

மூன்றாவதை எழுதுவதற்கு முன் காருக்குள் குனிந்து பார்த்தேன். ஊரில் பாதிப் பேர் மிதித்தும் தையல்காரர் பக்கத்துக் கிளட்ச் ரப்பரில் வரிகள் இன்னும் தெரிந்தன. டீச்சர் பக்கத்து ரப்பர் மழமழவென்று தேய்ந்திருந்தது. இன்ஜின் அணைந்த பிறகும் அதன் மேல் டீச்சரின் இடது கால் இருந்தது.

வெளியே நிற்பவர்கள் யாருக்கும் அது தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டால் டீச்சரின் மானம் பிழைக்கும்.

7

டீச்சர் இறங்கினார்.

"கருக்கினது நான்தான்," என்றார். யாருக்கும் புரியவில்லை. "இவர் ஓட்டுறப்பல்லாம் என் கால் அதுமேலதான் இருந்துச்சு. என் கால் இல்லாம இவர் ஒருநாளும் ஓட்டினதே இல்ல. அதனாலதான் டெஸ்ட்ல, நான் பக்கத்துல இல்லாதப்ப, ஒவ்வொரு தடவையும் வண்டி அணைஞ்சு அணைஞ்சு நின்னுச்சு. வேற யார்கிட்டயும் இப்படி வச்சதில்ல. இவர் ஓட்டினா மட்டும் எனக்குப் பயம். இவருக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு பயம்."

அத்தனை மாணவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள், தாங்களே தப்புச் செய்ததுபோல.

டீச்சர் சாவியைக் கணவர் கையில் திருப்பி வைத்தார்.

"ஏங்க," என்றார். அந்தக் காருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் கேட்பது இதுதான் முதல் தடவை. "கொஞ்ச நேரம் ஆறட்டும். சூடு அடங்குனா மெதுவாப் போகும். நீங்களே ஓட்டுங்க."

ஆறியது. டீச்சர் பின்சீட்டில் ஏறினார். தன் காரின் பின்சீட் இவ்வளவு குறுகல் என்று அவருக்கு அதுவரை தெரியாது. முன்னால், டீச்சரின் பெடல்கள் இருக்கும் பக்கத்தில், இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். டீச்சர் பார்த்த பார்வையில் அவர் ஷூவைக் கழற்றிவிட்டு இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

தையல்காரர் சாவியைத் திருப்பினார். கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டார். பின்சீட்டில் டீச்சரின் இடது கால் வெறும் தரையை ஒருமுறை அழுத்தியது, பிறகு அடங்கியது.

வண்டி நகர்ந்ததா, மேட்டில் பின்னால் உருண்டு பல் டாக்டரின் முகப்பு விளக்கை உடைத்ததா என்று நான் இப்போது எழுத வேண்டும். யோசித்துப் பார்த்தால் முதல் வரியிலிருந்து நானும் டீச்சர் செய்ததையேதான் செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு அடைப்புக்குறியிலும் என் கால் இருக்கிறது.

தையல்காரர் மெல்லக் காலை எடுக்கிறார். நானும் எடுக்கிறேன். முன்சீட்டில் இன்ஸ்பெக்டர் கொஞ்சம் நகர்ந்து உங்களுக்கு இடம் விடுவார். உட்காருங்கள், காலை மட்டும் மேலே மடித்துக்கொள்ளுங்கள்.